ஜோசப் பிரௌன்ஹோபர்

இரவில் வானத்தைச் சில நாழிகை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். கீழ்த்திசையில் தோன்றிய மீன்கள் மெல்ல மேலெழுந்து, உச்சி கடந்து, மேற்றிசையிற் சென்று மறைகின்றன. அவை ஓடுவனபோற் காணினும், உண்மையில் நம்மைத் தாங்கி நிற்கும் நிலவுலகே சுழல்கின்றது. வெறுங்கண்ணால் நோக்குவார்க்கு இச்சுழற்சியால் இடையூறு யாதுமில்லை. தொலைநோக்கி கொண்டு ஆராய்வார்க்கோ இது பெருந்தடையாகும். பொருளை அறுநூறு மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி அப்பொருளின் ஓட்டத்தையும் அறுநூறு மடங்கு பெருக்கியே காட்டும். பார்வை வட்டத்தின் ஒரு விளிம்பிற் புகுந்த மீன் ஏறத்தாழ இருபது வினாடிக்குள் மறு விளிம்பில் மறைந்துவிடும். அதனை மீண்டும் தேடிப் பிடிப்பதற்குள் காண்பானுடைய கையும் மனமும் சோர்ந்துபோம்.

இத்தடையை நீக்கி, வானம் திரும்புந்தோறும் தானும் உடன் திரும்பும் தொலைநோக்கித் தாங்கியைச் செம்மையுற அமைத்து உலகிற்கு உதவியவர் ஜோசப் பிரௌன்ஹோபர் என்னும் ஜெர்மானியர். முப்பத்தொன்பது ஆண்டுகளே உயிர் வாழ்ந்த இவர், எந்தக் கல்லூரியிலும் மாணவராக அமர்ந்து பயின்றவரல்லர். கண்ணாடி தேய்க்கும் தொழிலே இவரது கல்வி. ஞாயிற்றின் ஒளியிற் காணப்படும் கருங்கோடுகள் இவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன. இவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

பிறப்பும் இளமையும்

ஜெர்மனியின் தென்பாலுள்ள பவேரியா நாட்டில், டான்யூப் ஆற்றங்கரையில், ஸ்ட்ராவ்பிங் என்பதோர் ஊர் உளது. அவ்வூரில் 1787ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 6ஆம் நாள் ஜோசப் பிறந்தார். தந்தையார் சாளரங்கட்குக் கண்ணாடி பதிக்கும் தொழிலாளர். அவருடைய பதினோராம் மகவு ஜோசப். வறுமை மிக்க அவ்வில்லத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுத்துப் பயிற்றும் வாய்ப்பு மிகுதியாக இல்லை. சிறுவன் தந்தையின் தொழிற்கூடத்திலேயே கண்ணாடியோடு பழகி வளர்ந்தான்.

அவனுக்கு வயது பதினொன்று ஆனபோது தாய் தந்தையர் இருவருமே இலராயினர். காப்பாளர்கள் அவனை மியூனிக் நகரில் வைக்ஸல்பெர்கர் என்னும் கண்ணாடித் தொழிலாளரிடம் தொழில் பழகுமாறு விடுத்தனர். பயிற்சிக்குரிய பொருளைக் கொடுக்க வழியில்லாமையால், ஆறாண்டு ஊதியமின்றி உழைத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. மியூனிக் நகரில் அக்காலத்தே தொழில் பயிலும் சிறுவர்களுக்கென விடுமுறை நாட்களில் நடைபெறும் பள்ளி ஒன்று இருந்தது. ஜோசப் அங்குச் செல்ல விழைந்தான். தலைவரோ அதற்கு இசைந்திலர். நூல் கற்றலால் கைவேலை கெடும் என்பது அவர் கருத்துப் போலும். எழுத்தும் கணக்கும் செவ்வனே அறியாத அச்சிறுவன், அறிதல் வேண்டும் என்னும் வேட்கையை மட்டும் உள்ளத்தே அடக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இடிபாடும் மீட்பும்

1801ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21ஆம் நாள் வைக்ஸல்பெர்கரின் வீடு திடீரென்று இடிந்து விழுந்தது. தலைவரின் மனைவி இடிபாட்டுள் சிக்கி உயிர் நீத்தாள். பதினான்கு வயதுடைய ஜோசபும் மண்ணும் மரமும் குவிந்த குவியலின் அடியில் அகப்பட்டான். அவனைத் தோண்டி எடுக்கும் வேலை நெடுநேரம் நடந்தது. பவேரியாவின் ஆட்சித் தலைவராகிய மாக்ஸிமிலியன் ஜோசப் அவ்விடத்திற்குத் தாமே வந்து நின்றார். பின்னர் 1806ஆம் ஆண்டில் அரசராக முடிசூடியவர் இவரே. சிறுவன் உயிரோடு மீட்கப்பட்டான்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்டவர்களைப்பற்றி நம் ஆண்டவர் கூறியதை அறிந்தோர், இந்நிகழ்ச்சியைக் கொண்டு மாண்டவளைப் பாவியென்றும் மீண்டவனைப் புண்ணியவான் என்றும் எண்ணமாட்டார். மீட்பு ஒருவனுக்கு நற்சான்றிதழ் அன்று; அவன் மேற்கொள்ளவேண்டிய கடன் அது. ஜோசப் அக்கடனைத் தீர்த்த வகையே அவன் எஞ்சிய வாழ்க்கை.

ஆட்சித் தலைவர் சிறுவனுக்குப் பதினெட்டுப் பொற்காசுகள் அளித்தார். அவ்விடத்தே வந்திருந்த மற்றொருவர் உட்ஸ்ஷ்னைடர் என்னும் அரசியல் அறிஞர். தொழில் முயற்சிகளிலும் பெருவிருப்பம் உடையவர் அவர். அவர் சிறுவனுக்குக் கணிதத்தையும் ஒளியியலையும் பற்றிய நூல்களை உதவினார். பொன் பெற்ற ஏழைச் சிறுவர்கள் அதனை எவ்வாறு செலவழிப்பர் என்பதை நாம் அறிவோம். ஜோசப் கண்ணாடி தேய்க்கும் பொறி ஒன்று வாங்கினான். எஞ்சிய காசினால், தலைவரிடம் உழைக்கவேண்டிய காலத்தின் இறுதிப் பகுதியினின்றும் தன்னை விடுவித்துக்கொண்டான். முகவரிச் சீட்டுகளுக்குச் செப்புத் தகட்டில் எழுத்துப் பொறிக்கும் தொழிலையும் தனியே நடத்திப் பார்த்தான். நாட்டிற் போர் மூண்டிருந்த அக்காலத்தே அத்தொழில் பயன் தரவில்லை. மீண்டும் பழைய தலைவரிடமே கூலி வேலைக்குத் திரும்ப நேர்ந்தது. ஆயினும் நூல்களை அவன் கைவிட்டிலன். பகலிற் கண்ணாடியும், ஒழிந்த வேளையிற் கணிதமுமாக ஆண்டுகள் கழிந்தன.

மடத்தில் ஒரு தொழிற்சாலை

1804ஆம் ஆண்டில் உட்ஸ்ஷ்னைடர், ரைக்கன்பாக், லீப்ஹெர் என்னும் மூவரும் கூடி மியூனிக் நகரில் அளவைக் கருவிகள் செய்யும் நிலையம் ஒன்று தொடங்கினர். நிலம் அளப்பதற்கும் வானம் அளப்பதற்கும் உரிய கருவிகள் அங்கே செய்யப்பட்டன. செம்பாலும் பித்தளையாலும் ஆகிய பகுதிகள் சிறந்திருந்தும், நல்ல கண்ணாடி கிடைப்பது அரிதாயிற்று. 1806ஆம் ஆண்டில் பத்தொன்பது வயதினராய் இருந்த பிரௌன்ஹோபர் அந்நிலையத்தில் அமர்த்தப்பட்டார். அடுத்த ஆண்டில் கண்ணாடிப் பகுதி ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள பெனடிக்ட்பாயர்ன் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. அவ்வூரில் பல நூற்றாண்டுகளாகப் பெனடிக்ட் துறவியர் வாழ்ந்த பெரிய மடம் ஒன்று இருந்தது. 1803ஆம் ஆண்டில் அரசியலார் அம்மடத்தைக் கலைத்துவிட, உட்ஸ்ஷ்னைடர் அதனை வாங்கியிருந்தார். துறவியர் செபித்த இடத்தில் உலைகள் எரியலாயின.

தொலைநோக்கிக்குரிய கண்ணாடியின் தன்மையை இவ்விடத்துச் சிறிது கூறுதல் வேண்டும். ஒரே வகைக் கண்ணாடியால் ஆகிய வில்லை, ஒளியை வளைக்கும்போதே நிறங்களாகவும் பிரித்துவிடும். அதனாற் காணும் பொருளைச் சூழ நிறவிளிம்பு தோன்றும். கிரௌன், பிளின்ட் என்னும் இருவகைக் கண்ணாடிகளால் இரண்டு வில்லைகள் செய்து இணைப்பின், ஒன்றன் குற்றத்தை மற்றொன்று பெரும்பாலும் போக்கிவிடும். ஆனால் ஈயம் கலந்த பிளின்ட் கண்ணாடியைப் பெரிய அளவில் வார்த்தல் எளிதன்று. உருகிய குழம்பில் கனமான பகுதி கீழே தங்கும். கண்ணாடி முழுதும் இழையிழையாகக் கோடுகள் பாயும். சுவிட்சர்லாந்து நாட்டினராகிய கினான் என்னும் முதியவர், சுட்ட களிமண்ணால் ஆகிய கோலைக் கொண்டு குழம்பை இடைவிடாது கலக்கினால் இக்குறை நீங்கும் என்று கண்டிருந்தார். பெனடிக்ட்பாயர்னில் பிரௌன்ஹோபர் அவரோடு சேர்ந்து உழைத்து அவ்வித்தையைக் கற்று, மேலும் வளர்த்தார். 1814ஆம் ஆண்டில் கினான் தம் நாடு திரும்பினார். அதற்கு முன்னரே, 1809ஆம் ஆண்டு முதல், பிரௌன்ஹோபர் அந்நிலையத்தின் பங்காளருள் ஒருவராய் உயர்ந்திருந்தார்.

கருங்கோடுகள்

வில்லை செய்வோன் முதலில் அறியவேண்டுவது, தன் கையிலுள்ள கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கும் என்பது. ஒளி நிறமாலையில் சிவப்பு எங்கே முடிந்து மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று எவராலும் வரையறுத்துக் கூற இயலாது. நிறத்துக்கு ஓர் எல்லைக்கல் இல்லாதவரை அளவும் இல்லை. அவ்வெல்லைக்கல்லைத் தேடியே பிரௌன்ஹோபர் புறப்பட்டார்.

இருட்டறை ஒன்றின் சாளரக் கதவில் குறுகிய பிளவு ஒன்றை அமைத்து, ஞாயிற்றின் ஒளியை அதன் வழியே புகவிட்டார். பிளவினின்றும் இருபத்துநான்கு அடித் தொலைவில், கோணம் அளக்கும் தொலைநோக்கி ஒன்றையும் அதன் முன்னே பட்டைக் கண்ணாடி ஒன்றையும் வைத்து நோக்கினார். சிவப்பு முதல் ஊதா வரை விரிந்த நிறமாலையின் குறுக்கே, மெல்லியனவும் தடித்தனவுமாய், எண்ணற்ற கருங்கோடுகள் நின்றன. ஆங்கிலேயராகிய வொல்லாஸ்டன் 1802ஆம் ஆண்டிலேயே இவற்றுட் சிலவற்றைக் கண்டிருந்தார். அவர் அவற்றை நிறங்களின் எல்லைகள் எனக் கருதி விட்டுவிட்டார். பிரௌன்ஹோபர் விட்டிலர். 1814ஆம் ஆண்டில் அவற்றுள் 574 கோடுகளை எண்ணினார். முதன்மையானவற்றிற்கு ஏ முதலாய உரோமன் எழுத்துக்களைப் பெயராக இட்டார். ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தை அளந்து, படமாக வரைந்து, தம் கையாலேயே தகட்டிற் பொறித்தார். அவ்வாராய்ச்சி 1817ஆம் ஆண்டில் மியூனிக் அறிவியற் கழகத்தின் வெளியீட்டில் வந்தது.

எல்லைக்கல் கிடைத்துவிட்டது, வில்லை செய்வோனுக்கு அதுவே போதுமானது. ஆனால் அவர் அவ்வளவில் நின்றிலர். வெள்ளியின் ஒளியை நோக்கினார். ஞாயிற்றொளியிற் கண்ட கோடுகளே அதனிலும் இருந்தன. சிரியஸ் என்னும் விண்மீனை நோக்கினார். அதன் கோடுகள் வேறாயிருந்தன. கோடுகள் காற்றில் உண்டாகும் பிழையாயின் எல்லா ஒளியிலும் அவை ஒருபடித்தாய் இருத்தல் வேண்டுமன்றோ? ஆதலின் அவை அவ்வவ் ஒளியின் பிறப்பிடத்துக்கே உரியன என்பது தெளிவாயிற்று. விளக்கின் சுடரில் ஒளிமிக்க இரட்டை மஞ்சட்கோடு தோன்றுவதையும், அது ஞாயிற்றொளியில் டி எனப் பெயரிட்ட கருங்கோட்டின் இடத்திலேயே நிற்பதையும் கண்டு குறித்துவைத்தார். ஏன் அவ்வாறு என்பதற்கு அவர் விடை கூறவில்லை. அறியாததை அறிந்ததாகக் காட்டாமை அவரிடத்து விளங்கிய அரிய பண்பு.

1821ஆம் ஆண்டளவில், நுண்ணிய கம்பிகளை ஒன்றற்கொன்று இணையாக நெருங்கக் கட்டி, அவற்றினிடையே ஒளியைச் செலுத்தி, ஒளியலையின் நீளத்தையே அளந்தார். பின்னர்க் கண்ணாடியின்மேல் வைரமுனையால் கோடிழைத்தும் அவ்வளவையைச் செய்தார். டி கோட்டிற்குரிய ஒளியலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரங் கூறாக்கியவற்றுள் ஆறு கூற்றிற்குச் சிறிது குறைந்தது. அத்துணை நுண்ணியதனை அளந்த கை, சாளரக் கண்ணாடி பதித்தவரின் மகனுடைய கையே.

டோர்ப்பாட்டுத் தொலைநோக்கி

1819ஆம் ஆண்டில் நிலையம் மீண்டும் மியூனிக்கிற்கு வந்தது. அக்காலத்தே உருசியப் பேரரசிற்கு உட்பட்டிருந்த டோர்ப்பாட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரூவே என்னும் வானநூற் பேராசிரியர் இருந்தார். அந்நகரம் இன்று எஸ்டோனியா நாட்டில் தார்த்து எனப் பெயர் பெற்று விளங்குகின்றது. அவர்பொருட்டு பிரௌன்ஹோபர் இயற்றி, 1824ஆம் ஆண்டில் விடுத்த தொலைநோக்கியே இவர் கைத்திறனின் கொடுமுடி. அதன் வில்லை 24 சென்டிமீட்டர் குறுக்களவு உடையது. அவ்வகைத் தொலைநோக்கிகளுள் அதற்கொப்பானது அந்நாளில் உலகில் யாண்டும் இல்லை. வில்லையினும் வியப்புக்குரியது அதனைத் தாங்கிய தாங்கி.

அத்தாங்கியில் இரண்டு அச்சுகள் உள. முதலாவது துருவ அச்சு. இது நிலவுலகு எந்த அச்சைப்பற்றிச் சுழல்கின்றதோ அதற்கு இணையாக, வான்துருவத்தை நேரே நோக்கி நிறுத்தப்பெறும். டோர்ப்பாட் நகரம் வடக்கே 58 பாகை அகலக்கோட்டில் உள்ளமையால், ஆங்கு இவ்வச்சு அடிவானத்தினின்றும் 58 பாகை சாய்ந்து எழும். அதே கருவியைச் சென்னையில் நிறுத்துவதாயின் 13 பாகையே சாய்த்தல் வேண்டும். இரண்டாவது அச்சு முதலாவதன் மேல்முனையில் அதற்குக் குறுக்காக அமைவது. அதன் ஒரு தலையில் தொலைநோக்கியும், மறு தலையில் அதற்கு ஈடான எடைக்கட்டியும் இருக்கும். இரண்டாம் அச்சைத் திருப்பி மீனின் வடக்குத் தெற்கு நிலைக்குக் கருவியைப் பொருத்திவிட்டால், பின்னர் அதனைத் தொடவேண்டுவதில்லை. துருவ அச்சு ஒன்றே மெல்லச் சுழன்றால் போதும். மீன் பார்வை வட்டத்தின் நடுவிலேயே நிற்கும்.

அச்சுழற்சிக்குத் தொங்கும் எடையால் இயங்கும் கடிகாரப் பொறி ஒன்றை பிரௌன்ஹோபர் இணைத்தார். விண்மீன்களைக் கொண்டு அளந்தால் நிலவுலகின் ஒரு சுழற்சி 23 மணி 56 நிமிடம் 4 வினாடியில் முடியும். அதே வேகத்தில் துருவ அச்சு திரும்பவேண்டும். சாதாரணக் கடிகாரம் நொடிதோறும் அடித்து அடித்துச் செல்வது. அவ்வதிர்ச்சி மீனை நடுங்கச் செய்யும். ஆதலால் சுழலும் எடைகளைக் கொண்டு வேகத்தை அடக்கும் கருவியை அமைத்து, ஓட்டம் இடையறாது ஒழுகுமாறு செய்தார். இத்தகைய அச்சமைப்பும் பொறியோட்டமும் அவருக்கு முன்னரே சிலரால் முயலப்பட்டன. பெரியதோர் தொலைநோக்கியில் அவ்விரண்டையும் ஒருங்கே நிறைவுற அமைத்துக் காட்டிய பெருமை அவருடையது. எடையும் கருவியும் ஒன்றற்கொன்று நன்கு சமன்செய்யப்பட்டமையால், 4 மீட்டருக்கு மேற்பட்ட அக்குழாயைச் சிறு விசையே அசைக்கவல்லதாயிற்று.

ஸ்ட்ரூவே அதனைப் பெற்றபின் 1827ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 1,20,000 விண்மீன்களை ஆராய்ந்து, அவற்றுள் 3,112 இரட்டை மீன்களைத் தொகுத்து அட்டவணையாக வெளியிட்டார். நம் நாட்டு மணவிழாக்களில் அருந்ததியைக் காட்டும்போது வசிட்டனையும் அருந்ததியையும் அடுத்தடுத்துக் காண்கிறோம். அத்தகைய இணைகள், வெறுங்கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றி, வானமெங்கும் ஆயிரக்கணக்கில் விரவிக் கிடப்பதை இத்தொலைநோக்கி காட்டிற்று. மீனைப் பிடிப்பதில் கழிந்த நேரமெல்லாம் இனி மீனை அளப்பதில் கழியலாயிற்று.

கழகமும் கைத்தொழிலும்

இவ்வளவு செய்தவரை அறிஞர் அவை உடனே வரவேற்றது என்று கருதின் அது பிழையாகும். 1817ஆம் ஆண்டில் மியூனிக் அறிவியற் கழகம் அவரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. உயர்ந்த நிலைக்கு அவரை ஏற்றல்வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது சிலர் மறுத்தனர். முறையாகக் கல்வி பயிலாதவர், பல்கலைக்கழகத்தைக் கண்டறியாதவர், கைத்தொழிலாளர் என்பன அவர்கள் கூறிய தடைகள். கருவி செய்தல் வேறு, அறிவியல் வேறு என்பது அவர்கள் துணிபு. நிறமாலையின் கோடுகளோ கருவி செய்தவர் கண்ணுக்கே புலப்பட்டன. நல்ல கண்ணாடி வார்க்கத் தெரிந்தமையாலேதான் அவர் நல்ல கண்ணுடையர் ஆயினார். இறுதியில் எதிர்ப்பு அடங்கிற்று. 1822ஆம் ஆண்டில் எர்லாங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் நல்கியது. 1823ஆம் ஆண்டில் கழகத்தின் பௌதிகக் கருவிக்கூடத்திற்கு அவர் காப்பாளரானார். 1824ஆம் ஆண்டில் அரசர் அவருக்கு வீரர் பட்டம் அளித்துச் சிறப்பித்தார். இடிபாட்டினின்றும் மீண்ட சிறுவனைக் கண்ட அதே அரசர் அவர்.

புகழுரையே வரலாறாகாது, ஆதலின் மற்றொன்றையும் கூறல்வேண்டும். தாம் கண்ட கோடுகளையும் ஒளியலை அளவுகளையும் உலகறிய வெளியிட்ட பிரௌன்ஹோபர், கண்ணாடி வார்க்கும் முறையை மட்டும் வெளியிட்டிலர். அது நிலையத்தின் வாணிக மறை. பிற நாட்டினர் அதனை அறிய மிக விரும்பினர். இங்கிலாந்தில் 1824ஆம் ஆண்டில் நல்ல கண்ணாடி செய்தற்பொருட்டே ஒரு குழு அமைக்கப்பட்டது. மைக்கேல் பாரடே அம்முயற்சியிற் சில ஆண்டுகள் உழைத்தார். அறிவை மறைத்தல் தகுமோ என்று நாம் வினவலாம். கூலியாட்களும் பங்காளர்களும் அம்மறையை நம்பியே உண்டனர் என்பதையும் உடன் எண்ணல் வேண்டும். அறிவு எல்லார்க்கும் உரியது என்னும் அறமும், உழைத்தவன் பயனை உழைத்தவனே பெறவேண்டும் என்னும் அறமும் அவர் ஒருவருள்ளேயே எதிர்நின்றன. அவ்வழக்கு இந்நாளிலும் தீர்ந்தபாடில்லை.

மறைவு

நெருப்புலையின் முன் நெடுநாள் நின்றவரும் இயல்பிலேயே மெலிந்த உடலினருமாகிய பிரௌன்ஹோபருக்குக் காசநோய் கண்டது. அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. 1826ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் நாள், தம் முப்பத்தொன்பதாம் வயதில், மியூனிக் நகரில் உயிர் நீத்தார். அவரோடு அந்நிலையத்தில் உழைத்த ரைக்கன்பாக் அதற்குச் சில நாள் முன்னர், மே மாதம் 21ஆம் நாள் இறந்திருந்தார். இருவர் உடலும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டன. பிரௌன்ஹோபரின் நினைவுக்கல்லில், இவர் விண்மீன்களை அருகிற் கொணர்ந்தார் என்னும் கருத்தை இலத்தீன் மொழியிற் பொறித்தனர்.

அவர் தொடங்கிய பணி அவரோடு மாளவில்லை. பெஸ்ஸல் என்னும் வானநூலார் பொருட்டு அவர் வகுத்த மற்றொரு கருவி, அவர் இறந்தபின் நிறைவுற்று, 1829ஆம் ஆண்டில் கோனிக்ஸ்பெர்க் நகரை அடைந்தது. அதனைக் கொண்டே பெஸ்ஸல் 1838ஆம் ஆண்டில் அன்னக் கூட்டத்திலுள்ள ஒரு மீனின் தொலைவை அளந்து வெளியிட்டார். டோர்ப்பாட்டுத் தொலைநோக்கியை ஒத்ததாக, அவர் நிலையத்தாரே பெர்லின் நகருக்குச் செய்தளித்த தொலைநோக்கியால் 1846ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 23ஆம் நாள் இரவில் காலே என்பவர் நெப்டியூன் என்னும் கோளைக் கண்டார்.

கருங்கோடுகள் ஏன் உண்டாகின்றன என்னும் வினாவிற்கு 1859ஆம் ஆண்டில் கிர்க்ஹாபும் புன்சனும் விடை கண்டனர். ஒவ்வொரு தனிமமும் எந்நிறத்தை ஒளிரச் செய்யுமோ அந்நிறத்தையே விழுங்கவும் வல்லது. ஞாயிற்றின் புறத்தேயுள்ள ஆவிகள் விழுங்கிய நிறங்களே கருங்கோடுகளாய் நிற்கின்றன. டி கோடு சோடியத்திற்கு உரியது. இவ்விளக்கத்தால், எட்டாத மீன்கள் எப்பொருளால் ஆயின என்பதை மண்ணில் நின்றே அறியும் கலை பிறந்தது. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18ஆம் நாள் நிகழ்ந்த முழு ஞாயிற்று மறைவின்போது, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில், பிரெஞ்சு அறிஞர் ஜான்ஸன் ஞாயிற்றின் விளிம்பில் எழும் தழல்களை இக்கலையைக் கொண்டே ஆராய்ந்தார். அவ்வாண்டில் டி கோட்டின் அருகே காணப்பட்ட புதிய மஞ்சட்கோடு, ஹீலியம் என்னும் தனிமத்தின் அடையாளமாகப் பின்னர்த் தெளிந்தது. 1909ஆம் ஆண்டில் நம் கோடைக்கானல் வான்நோக்கு நிலையத்தில் எவர்ஷெட், ஞாயிற்றுப் புள்ளிகளின் புறவட்டத்தில் வளி வெளிநோக்கி ஓடுவதைக் கண்டதும், இக்கோடுகள் நூலிழையளவு இடம்பெயர்வதைக் கொண்டேயாம்.

இந்நாளிலும் அவர் வகுத்த நெறி

தொலைநோக்கித் தாங்கிகள் இன்று கணிப்பொறியால் இயங்குகின்றன. தொங்கும் எடை போய் மின்னோடி வந்துவிட்டது. ஆயினும் இரண்டு அச்சும் எதிரெடையும் உடைய அவ்வமைப்பு ஜெர்மன் தாங்கி என்னும் பெயரோடு இன்றும் பெருவழக்காய் உளது. அதனைப் பயன்படுத்துவோன் முதலிற் செய்யவேண்டுவது, பிரௌன்ஹோபரின் நாளிற் செய்ததே. துருவ அச்சைத் துருவத்திற்கு நேரே நிறுத்துதல் வேண்டும். துருவ நட்சத்திரம் இதற்குத் துணை. அதுவும் சரியாகத் துருவத்தில் இல்லை. அரைப் பாகைக்குச் சற்று மேற்பட விலகியே நிற்கின்றது. ஆதலின் நுண்ணிய வேலைக்கு வேறு சோதனையும் வேண்டும். உச்சிக்கோட்டின் அருகே, வான நடுவரையை அடுத்துள்ள மீன் ஒன்றைப் பிடித்துப் பொறியை ஓடவிட்டால், அது வடக்கிலோ தெற்கிலோ மெல்ல விலகுமாயின், அச்சு கிழக்கு மேற்காகப் பிசகியுள்ளது என்று அறியலாம். கீழ்வானத்திலுள்ள மீன் அவ்வாறு விலகுமாயின், அச்சின் ஏற்றத்தில் பிசகுண்டு. இரண்டையும் மாறி மாறித் திருத்திக்கொண்டே போனால் மீன் அசையாது நிற்கும்.

அதன்பின் நாள், நேரம், இடம் என்பவற்றைக் கணிப்பொறிக்கு அறிவித்து, தெரிந்த மீன்கள் இரண்டு மூன்றை நடுவே நிறுத்திக் காட்டினால், மற்றவற்றை அது தானே தேடிச் செல்லும். இரவு முடிந்தபின் தாங்கியைக் குறித்ததோர் இருக்கைக்குச் செலுத்தி, ஆங்கே ஓய்வுறச் செய்தே மின்விசையை நிறுத்துதல் வேண்டும். இத்தாங்கிகளுட் பல, புறப்பட்ட இடத்தினின்றும் மின்னோடி சென்ற அடிகளை எண்ணியே தாம் இருக்கும் இடத்தை அறிவன. ஓய்விடம் சேராது விசை அறுந்துபோயின், மறுநாள் தாம் எங்கு நின்றோம் என்பதை அவை அறியா. பிரௌன்ஹோபர் காலத்துத் தாங்கியில் பித்தளை வட்டங்களில் பாகைகள் பொறிக்கப்பட்டிருந்தன, அவை மறப்பதில்லை. புதுக்கருவி விரைவில் மிக்கது. பழங்கருவி நினைவில் மிக்கது. இரண்டிற்கும் அச்சு பிசகின் பயனில்லை.

டோர்ப்பாட்டுத் தொலைநோக்கி தார்த்து நகரத்துப் பழைய வானாய்வுக் கூடத்தில் இன்றும் காட்சிப்பொருளாய்ப் போற்றப்படுகின்றது. அதனை இயற்றியவர் இளமையில் வேண்டியது, வாரத்தில் ஒருநாள் பள்ளி செல்லும் உரிமை ஒன்றே. அதுவும் மறுக்கப்பட்டது. வீடு இடிந்திராவிடின், அவ்வேட்கை வெளிப்படாமலே அவர் வாழ்ந்து மடிந்திருத்தல் கூடும். எத்தனைத் தொழிற்கூடங்களில் எத்தனைச் சிறுவர்கள் அவ்வாறு மடிந்தனரோ, அவர்கள் வரலாற்றை எழுதுவார் இலர். கல்லூரியிற் பயிலும் நல்வாய்ப்பை வேண்டாமலே பெற்ற நாம், நம் விடுதியிலும் ஆய்வுக் கூடத்திலும் தச்சுப் பட்டறையிலும் நமக்காகக் கையால் உழைப்பவரின் பிள்ளைகளை நோக்குங்கால், இடிபாட்டிற்காகக் காத்திராமல் நூலொன்றை எடுத்து நீட்டிய உட்ஸ்ஷ்னைடராக இருத்தல் நமக்கு இயலும். அதற்குப் பொற்காசு பதினெட்டும் வேண்டுவதில்லை.